வாப்பாவின் பெயரில் ஓடியவர்

கல்முனையில் உள்ள பாடசாலை ஒன்றில் இல்லங்களுக்கிடையிலான விளையாட்டுப் போட்டி நடந்த நாள் அது. ஆயிரத்து ஐந்நூறு மீற்றர் ஓட்டத்தில் முதலாவதாக வந்து நாடாவை நெஞ்சால் அறுத்த பர்ஸான் நிற்கவில்லை. நாடா கழுத்தில் தொங்க, அவன் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தான்.

"பர்ஸான், முடிஞ்சி மகன்! நில்லு! சுத்து எண்ணத் தெரியாதா உனக்கு?" என்று ஒலிபெருக்கியில் ஆசிரியர் கத்தினார். மைதானம் முழுக்கச் சிரித்தது. நிழலுக்குக் கட்டியிருந்த படங்குக் கொட்டிலுக்குள் இருந்த பெண் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பர்ஸான் ஒன்றும் விளங்காதவன்போல் கையை ஆட்டிவிட்டு, இன்னும் ஒரு சுற்று முழுதாக ஓடி முடித்தான்.

அந்தச் சுற்றில் அவனுக்குப் பக்கத்தில் இன்னொருவனும் ஓடிக்கொண்டிருந்தான். அவன் றிம்சான், மருதமுனைப் பொடியன். சின்ன வயதிலிருந்தே மூச்சிழுப்பு வருத்தக்காரன். ஓடி முடிக்கிற ஒவ்வொருவருக்கும் இல்லத்துக்கு ஒரு புள்ளி உண்டென்று அவனையும் பிடித்து விட்டிருந்தார்கள். எல்லாரும் ஒவ்வொருவராக ஓடி முடித்துச் சர்பத் குடிக்கப் போக, அவனுக்கு மட்டும் ஒரு சுற்று மிச்சம் கிடந்தது. ஆனால் அவனை யாரும் பார்க்கவில்லை. பார்த்தது எல்லாம் கணக்குத் தெரியாத பர்ஸானைத்தான். அன்றிலிருந்து பர்ஸானுக்குக் 'கணக்கப்பிள்ளை' என்று பட்டம். அவன் அதைப்பற்றி ஒரு நாளும் வாய் திறக்கவில்லை.

வாய் திறந்தது றிம்சான்தான், அதுவும் எவ்வளவோ காலத்துக்குப் பிறகு. தங்கை றஸ்னாவுக்குச் சாய்ந்தமருதிலிருந்து மாப்பிள்ளை பேசி வந்தபோது உம்மா முகத்தைச் சுளித்தார்.

"கரைவலைக்காரன் ஷரிபுதீன்ட மகனா? அந்தக் கணக்கப்பிள்ளையா? ஓடித் திரியிறவனுக்கு ஆரு பொண்ணு குடுக்கிற?"

றிம்சான் தங்கையைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "அண்டைக்கு அவன் எனக்குப் பக்கத்துல வந்து என்ன சொன்னான் தெரியுமா? 'நிக்காத. வாயால மூச்ச உடு. அவனுகள் சிரிக்கிற என்னப் பாத்துத்தான், உன்னப் பாத்தில்ல' எண்டான். நான் இதுவரைக்கும் ஒருத்தருக்கும் சொல்லல்ல."

படங்குக் கொட்டிலுக்குள் இருந்து சிரித்த பெண் பிள்ளைகளில் றஸ்னாவும் ஒருத்தி. அவள் அண்ணனுக்கு முன்னால் தலையைக் குனிந்துகொண்டு, "ஓம் எண்டு சொல்லுங்க காக்கா" என்றாள்.

எங்கள் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். பர்ஸானும் மருதமுனைக்கு வந்தார். வந்த மறுநாள் விடியற்கால சுபஹுத் தொழுகைக்குப் பிறகு கடற்கரைக்கு இறங்கியவரை வெகுநேரமாகக் காணவில்லை. வலைச் சொந்தக்காரரான சம்மாட்டிமார் யாரும் பிடித்து வலை இழுக்க விட்டுவிட்டார்களோ என்று மாமி பயந்துபோனார். மனிதர் சாய்ந்தமருது வரை ஓடிப்போய், தன் உம்மாவின் கையால் தேத்தண்ணி குடித்துவிட்டு, ஓடியே திரும்பி வந்திருந்தார்.

கிழக்கு மாகாணத்தில் பத்தாயிரம் மீற்றருக்கு அவரை வெல்ல ஆளில்லாத காலம் ஒன்று இருந்தது. கொழும்பிலும் ஓடியிருக்கிறார். கிண்ணம் கிடைத்தது, கை குலுக்கிக் கைலாகு கிடைத்தது, தொழில் தருகிறோம் என்ற வாக்குக் கிடைத்தது. வாக்கு வாக்காகவே இருந்தது. வாப்பா ஷரிபுதீன் கிழிந்த வலை பொத்திக்கொண்டே பகிடி பண்ணுவார்: "மீனுக்குப் பின்னால ஓடினாலும் கறிக்காகும். இவன் ஒண்டுமில்லாததுக்குப் பின்னால ஓடுறானே!" ஆனால் மகன் ஓடுகிற நாளில் அந்த மனிதர் கடலுக்குப் போக மாட்டார். யாருடைய போனிலாவது செய்தி வரும்வரை பள்ளிவாசல் வாசலிலேயே இருப்பார்.

றஸ்னாவின் வயிற்றில் பிள்ளை தரித்த காலத்தில்தான் பர்ஸான் வளைகுடாவுக்குப் போனார். பெரிய கடையொன்றில் சாமான் ஏற்றி இறக்குகிற வேலை. விடியற்காலையில், வெயில் ஏறமுன்னம், அந்த ஊர்க் கடலோரத்து றோட்டில் ஓடினார். கடல் பக்கத்தில் இருந்தால் அவரால் ஓடாமல் இருக்க முடியாது. ஒரு வெள்ளைக் கார் அவருக்குப் பின்னால் நாளும் மெதுவாக வந்தது. பொலிஸாக்கும் என்று பயந்து அவர் இன்னும் வேகமாக ஓடினார். காருக்குள் இருந்தவர் அதைத்தான் பார்க்க வந்திருந்தார். அவர் அந்நாட்டு விளையாட்டுக் கழகம் ஒன்றின் பயிற்றுவிப்பாளர்.

"புள்ள, அவங்கட நாட்டுக்காக ஓடச் சொல்றாங்க" என்று பர்ஸான் போனில் சொன்னார்.

"ஓடுறதுக்கு நாடு எதுக்கு? றோட்டுப் போதாதா?" என்றாள் றஸ்னா.

அவர் சிரித்தார். "அவங்கட பாஸ்போட்டு எடுத்தாத்தான் அவங்கட கொடியில ஓடலாமாம். எடுத்தா, குடும்பத்தயும் கூப்பிடலாமாம். நான் ரெண்டு தரம் கேட்டுட்டன். ஓம் எண்டுதான் சொல்றாங்க."

அந்த ஒன்றுக்காகத்தான் இருவரும் சம்மதித்தார்கள். மூன்று பேரும் ஒரு கூரைக்குக் கீழே இருக்கவேண்டும். வேறெதுவும் அவர்கள் கேட்கவில்லை. வேறொரு நாட்டுப் பிரசையானால் இங்கேயுள்ள பிரசாவுரிமை போய்விடும், அதை வைத்திருக்கத் தனியாக விண்ணப்பிக்கவேண்டும் என்று அவர்களுக்குச் சொல்ல அப்போது ஒருவரும் இருக்கவில்லை.

பெயரில்தான் சங்கதி பிழைத்தது.

நமது பக்கத்தில் வாப்பாவின் பெயரை முன்னால் போட்டு, பிள்ளையின் பெயரைப் பின்னால் போடுவோம். ஷரிபுதீன் பர்ஸான் என்றால் ஷரிபுதீனின் மகன் பர்ஸான். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அரபுக்காரருக்கு அது மறுவளம். பிள்ளையின் பெயர் முன்னால், வாப்பாவின் பெயர் பின்னால். புதுப் பாஸ்போட்டை எழுதியவர் பழைய பாஸ்போட்டை வாசித்தார். வாசித்த ஒழுங்கிலேயே 'ஷரிபுதீன், பர்ஸானின் மகன்' என்று எழுதிவிட்டார்.

பர்ஸான் அதைக் கையில் வாங்கியதும் பதறிப்போனார். தன் வாப்பா அல்லாத ஒருவரை வாப்பா என்று சொல்லிக்கொள்வது மார்க்கத்தில் எவ்வளவு பெரிய பாவம் என்று மத்ரஸாவில் ஓதியவர் அவர். இங்கே தனக்குத் தானே வாப்பாவாகி நிற்கிறார். தெரிந்த அரபில் எடுத்துச் சொன்னார்.

"இரண்டு பெயரும் இருக்கிறதுதானே? எது குறைந்துபோனது?" என்று எழுத்தர் கேட்டாராம். கழகத்து முகாமையாளர் முதுகில் தட்டி, போட்டிகள் முடியட்டும், திருத்தலாம் என்றார்.

முதல் பெரிய ஓட்டத்தில், புறப்படும் கோட்டில் நின்றவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். "ஷரிபுதீன்" என்று கேட்டதும் பர்ஸான் கை உயர்த்தவில்லை. திரும்பிப் பார்த்தார். வாப்பா வந்திருக்கிறார் என்று ஒரு கணம் மனசு சொன்னதாம். அன்றைக்கு மூன்றாவதாக வந்தார். அதைப் போனில் பார்த்த ஊர் கடற்கரையில் கிழவரைச் சும்மா விடுமா?

"ஷரிபுதீன் காக்கா, நேத்து நல்லா ஓடினீங்க! வேர்வ காஞ்சிட்டா?"

"ஓம்டா, கடைசிச் சுத்துல சாறன் தடுக்கிட்டு. இல்லாட்டி மொதலாவதா வந்திருப்பன்" என்றார் அவர்.

வலை இழுத்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். பின்னேரம் அஸர்த் தொழுகைக்குப் பிறகு மருதமுனைக்கு வந்த கிழவர், றஸ்னா கொடுத்த தேத்தண்ணியைக் குடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தார். "மகள், அவன் எனக்கு வாப்பாவாப் பெய்த்தானே. நாளைக்கு நான் கண்ண மூடி மௌத்தானா ஆரு வந்து எனக்கு மகனா நிக்கிற?" என்றார்.

குழந்தை ஆதிலா நடக்கத் தொடங்கிய பிறகு, விசாவுக்காக றஸ்னாவைக் கொழும்பிலுள்ள அந்நாட்டுத் தூதரகத்துக்குக் கூட்டிப்போனார் றிம்சான். கண்ணாடிக்கு அங்கால் இருந்த பெண்ணுக்குத் தமிழ் தெரிந்திருந்தது.

"உங்கட கணவர்ட பேர் என்ன?"

றஸ்னா காக்காவின் முகத்தைப் பார்த்தாள். எங்கள் பெண்கள் பலர் மாப்பிள்ளையின் பெயரைச் சொல்ல மாட்டார்கள். அது வெட்கமும் மரியாதையும் சேர்ந்த ஒன்று. வீட்டில், இங்கே பாருங்கள் என்கிறமாதிரி, அவள் கூப்பிடுவது "இஞ்ச" என்று. அந்த வீட்டில் 'இஞ்ச' என்றால் ஒரே ஒருவர்தான்.

"பர்ஸான்" என்று றிம்சான் சொன்னார்.

அந்தப் பெண் இரண்டு கடதாசிகளை மாறி மாறிப் பார்த்தாள். "எங்கட வீரர்ட பேர் ஷரிபுதீன். வாப்பாட பேர்தான் பர்ஸான். நீங்க பர்ஸான்ட மனைவி எண்டா, வீரருக்கு உம்மா."

"அல்லாஹ்! நான் அவர்ட பொஞ்சாதி" என்றாள் றஸ்னா.

"கடதாசிப்படி உம்மாதான்." அவள் கேலி செய்யவில்லை. பாவம், உதவி செய்யத்தான் பார்த்தாள். "ஆனா, வயசு மகனவிடக் குறைவா இரிக்கி. பெத்த உம்மா எண்டு போட ஏலாது. வாப்பா புறகு முடிச்ச பொஞ்சாதி எண்டு போட்டா விசா கிடைக்கும். அவர் அங்க ஒரு கையெழுத்து, நீங்க இஞ்ச ஒரு கையெழுத்து. யோசிச்சிப் பாருங்க."

றஸ்னா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

இப்படியான கதை, நாம் பஸ்ஸில் வருவதற்கு முன்னமே ஊருக்கு வந்துவிடும். கலியாண வீட்டில், புடவைக் கடையில், "என்னகா றஸ்னா, மகன் எப்ப வாறாராம்?" என்றார்கள். கேட்டவர்களுக்கு அது ஒரு பகிடி. அவளுக்கு அது பகிடியில்லை. மனைவியை உம்மாவுக்கு ஒப்பாகச் சொல்லும் வார்த்தையை அல்லாஹ் எவ்வளவு வெறுக்கிறான் என்று அவளும் மௌலவிமாரின் பயானில் கேட்டிருக்கிறாள். பொதுவிடங்களுக்குப் போவதைக் குறைத்தாள். வீட்டிலிருந்த கைத்தறியில் உட்கார்ந்தால் எழும்பாமல் நெய்தாள்.

போனில் அழுதபோது பர்ஸான் சொன்னார்: "அவங்க சிரிக்கிற என்னப் பாத்துத்தான் புள்ள, உன்னப் பாத்தில்ல. நீ நிக்காம நட."

அந்த வார்த்தையை அவள் முன்பே அறிவாள். அன்றைக்கு அதைக் கேட்டபிறகுதான் அழுகை நின்றது.

பெயரைத் திருத்த அவர் தட்டாத கதவில்லை. உன் சொந்த நாட்டிலிருந்து, நீதான் பர்ஸான் என்று கடிதம் கொண்டுவா என்றார்கள் அங்கே. இங்கே கேட்டால், இந்த மனிதர் இப்போது நமது பிரசை இல்லை, அவருக்கு நாம் கடிதம் கொடுக்க முடியாது, அவருடைய நாட்டில் கேளுங்கள் என்றார்கள். இரண்டு பேருமே மரியாதையாகத்தான் சொன்னார்கள். இரண்டு பேரும் சொன்னது சட்டம்தான். நடுவில் ஒரு மனிதன் நின்றான்.

அங்கே கோடை வந்துவிட்டால் வெளியில் ஓட முடியாது. குளிரூட்டிய மண்டபத்துக்குள் இயந்திரப் பட்டியின் மேல் ஓடவேண்டும். "ஓடுறன் புள்ள, ஓடுறன், ஆனா சுவர் அங்கயேதான் நிக்கி" என்பார். பாஸ்போட் கழகத்தின் அலுமாரிக்குள் இருந்தது. கழகம் சொன்ன ஊருக்குப் போகலாம், சொன்ன நாளில் திரும்பவேண்டும். வென்றால் அடுத்த ஓட்டம், தோற்றால் கூடுதல் பயிற்சி. பதக்கங்கள் ஒரு பையில் கிடந்தன. பிள்ளை ஆதிலா போன் கண்ணாடியில் முத்தம் கொடுத்துக் கொடுத்தே பள்ளிக்கூடம் போகிற வயசுக்கு வந்துவிட்டாள்.

அப்போதுதான் அந்தக் கழகம் மலைக்காற்றில் பயிற்சி எடுக்கவென்று நுவரெலியாவுக்கு வந்தது. பர்ஸானும் வந்தார், சொந்த நாட்டுக்கு விசா எடுத்துக்கொண்டு. முகாமையாளர் பாஸ்போட்டைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, மூன்று நாளைக்கு ஊருக்குப் போய்வர விட்டார்.

மருதமுனைச் சந்தியில் பஸ்ஸால் இறங்கி வீட்டுக்கு வந்தவரைக் கண்டு ஆதிலா கதவுக்குப் பின்னால் ஒளிந்தாள். "வாப்பா இவ்வளவு பெரிசா?" என்று உம்மாவின் காதுக்குள் கேட்டாள். போனுக்குள் அடங்குகிற அளவுக்குத்தான் அவள் வாப்பாவைப் பார்த்திருக்கிறாள். பின்னேரத்துக்குள் அவருடைய முதுகில் ஏறியிருந்தாள். "வாப்பா, வாப்பா" என்று தேவையில்லாததற்கெல்லாம் கூப்பிட்டாள். அவரும் ஒவ்வொரு தடவையும் "என்ன மகள்?" என்றார். ஒரு வார்த்தையை இருவரும் பந்துபோல் எறிந்து பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலையில் அவர் பையிலிருந்து ஒரு கடதாசியை எடுத்துச் சீனி டின்னுக்குக் கீழே வைத்தார். கொழும்பில் அந்தப் பெண் சொன்ன அதே வழி. அவர் கையெழுத்துப் போட்டிருக்கவில்லை. போடுகிற இடம் இரண்டும் வெறுமையாக இருந்தன.

"இதான் வழி எண்டு முகாமையாளரும் சொல்றார். நீ என்ன சொல்றாய்?"

உண்மையைச் சொல்வதானால் றஸ்னாவுக்கு ஆசை வந்தது. கடதாசிதானே என்று தோன்றியது. நாலு சுவருக்குள் யார் யார் என்று அல்லாஹ்வுக்குத் தெரியாதா?

பள்ளிவாசலுக்குப் போய் நிப்றாஸ் மௌலவியிடம் கேட்டார் பர்ஸான். மௌலவி நல்ல மனிதர், அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லமாட்டார். "இதால உங்கட நிக்காஹ் முறியாது தம்பி. ஆனா பொய்ச் சாட்சியம் எண்டது சின்ன விசயமில்ல. அது போக, வாப்பாட பொஞ்சாதி எண்டு எழுதின பொம்புளயோட நீங்க அங்க வாழக்குள்ள ஒரு பிள்ள கிடைச்சா, அந்த நாட்டுல உங்கள என்ன செய்வாங்க? அதயும் யோசிங்க. நான் வேணாமெண்டும் சொல்லல்ல, ஓமெண்டும் சொல்லல்ல. துஆ செய்றன்."

"ஒரு பிள்ள போதும். நாம கவனமா இரிப்பம்" என்றாள் றஸ்னா, வீட்டுக்கு வந்தவரிடம்.

அப்படியானால் பழகவேண்டும் என்றார் அவர். வாசலில், கடையில், ஆஸ்பத்திரியில், பிள்ளை வாய்தவறி ஒரு வார்த்தை சொன்னாலும் எல்லாம் பிழைத்துவிடும். பர்ஸானின் மகள் ஆதிலா, அந்தக் கடதாசிப்படி அவருக்குத் தங்கச்சி.

றஸ்னா பிள்ளையை மடியில் இருத்திக்கொண்டாள். "மகள், நாம பிளேன்ல போகப்போறம். அங்க போனா வாப்பாவ வாப்பா எண்டு கூப்பிடப்படாது. காக்கா எண்டு கூப்பிடணும். றிம்சான் மாமாவ உம்மா எப்பிடிக் கூப்பிடுற? அப்பிடி."

ஆதிலாவுக்கு அது நல்ல விளையாட்டாகப் பட்டது. "காக்கா!" என்று கத்திவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "காக்கா, தேத்தண்ணி! காக்கா, என்ட சப்பாத்தப் பாருங்க! காக்கா, நீங்க ஓடுறத்துல எத்தினயாம் ஆள்?"

"ஓம் தங்கச்சி" என்றார் பர்ஸான். ஒவ்வொரு தடவையும் சொன்னார். தறியில் இருந்த றஸ்னாவுக்கு அது கேட்டுக்கொண்டே இருந்தது.

"என்னையும் கூப்பிட்டுப் பழகுங்களன்" என்றாள், பகிடிபோல.

அவர் தறியடியில் வந்து நின்றார். வாயைத் திறந்தார். பிறகு, "கொஞ்சம் தண்ணி தா புள்ள" என்றார்.

அஸருக்குக் கொஞ்சம் முன்னர், ஆதிலா கிணற்றுக்கட்டடியில் ஓடிப்போய் வழுக்கி விழுந்தாள். முழங்கால் தோல் உரிந்து இரத்தம் வந்தது. உயிர்போகிற மாதிரிக் கத்திக்கொண்டு வாப்பாவை நோக்கி ஓடிவந்தாள்.

"காக்கா! காக்கா!"

விளையாட்டுக்கில்லை. நோவில், பயத்தில், அவளுடைய வாயில் அதுதான் வந்தது. காலையிலிருந்து பழக்கியதைப் பிள்ளை சரியாகப் பழகிவிட்டாள். பர்ஸான் அவளைத் தூக்கி நெஞ்சோடு அணைத்தார். மகள் என்று சொல்லவேண்டிய இடம் அது. தங்கச்சி என்று சொல்லவேண்டிய இடமும் அதுதான். அவர் பிள்ளையின் தலைக்கு மேலால் றஸ்னாவைப் பார்த்தார். அதற்கு முன்னும் பின்னும் அப்படியொரு பார்வையை அவள் யாருடைய கண்ணிலும் கண்டதில்லை.

அவள் உள்ளே போனாள். சீனி டின்னைத் தூக்கி, கடதாசியை எடுத்து நாலாக மடித்து, அவருடைய பையின் அடியில் வைத்தாள்.

"வேணாம்" என்றாள்.

"வேற வழியில்ல புள்ள. இதான் கடைசி."

"தெரியும். நான் அங்க வந்து என்னெண்டு இருக்கிற? அவள் வளந்து பெரியாளாகி, வாப்பா எண்டு கூப்பிட ஆளில்லாம... வேணாம். அவளுக்கு வாப்பா இரிக்கட்டும். தூரத்துல எண்டாலும் இரிக்கட்டும்."

அவர் கட்டிலில் உட்கார்ந்து அழுதார். சத்தமில்லாமல், தோள் மட்டும் ஆடியது. அழுகையில் பாதி ஆறுதல் என்பது றஸ்னாவுக்கு விளங்கியது. மற்றப் பாதி என்னவென்றும் விளங்கியது.

செய்தி கேட்டு ஷரிபுதீன் சாய்ந்தமருதிலிருந்து வந்தார். "போகாத மகன். இஞ்சயே இரி. உன்ட மண்ணுல இருக்க உன்ன ஆரு கேப்பான்?"

"பொலிஸ் கேட்டா நான் ஆரெண்டு சொல்ற வாப்பா? பர்ஸான் எண்டா, அப்பிடி ஒராள் இப்ப இந்த நாட்டுல இல்ல. ஷரிபுதீன் எண்டா, அது நீங்க."

"அப்ப நான் மறியலுக்குப் போறன். பேர் என்டதானே?" என்றார் கிழவர். சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். அவருடைய வாய் மட்டும்தான் சிரித்தது.

மூன்றாம் நாள் காலையில் பர்ஸான் புறப்பட்டார். றஸ்னா அவரை நேரில் பார்த்தது அதுதான் கடைசி.

திரும்பிப்போன அடுத்த பருவத்திலேயே குதிகால் நரம்பு அறுந்தது. இரண்டு தடவை வெட்டித் தைத்தார்கள். நடக்கலாம், ஓட முடியாது. கழகம் கைலாகு கொடுத்து அனுப்பிவைத்தது. அந்தப் பாஸ்போட் ஓடுவதற்காகக் கொடுத்த பாஸ்போட். ஓட்டம் முடிந்ததும் அதைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். இப்போது அவரிடம் ஒரு தற்காலிக அட்டை இருக்கிறது. பாடசாலை ஒன்றின் மைதானத்தில் புல்லுக்குத் தண்ணீர் அடிக்கிறார். ஊருக்கு வருவதென்றால் ஏதாவது ஒரு நாட்டின் கடதாசி வேண்டும். பர்ஸான் என்பவர் போனார், திரும்பி வரவில்லை என்று இங்கே பதிவில் இருக்கிறது. அங்கே கேட்டால், பர்ஸான் என்பது நமது பழைய வீரருடைய தகப்பனின் பெயர், அவர் இந்த நாட்டுக்கு வந்ததே இல்லை என்கிறார்கள்.

பிரசாவுரிமையைத் திரும்பக் கேட்டு விண்ணப்பம் போட்டிருக்கிறது. அதன் பின்னால் அரசாங்கக் கந்தோர் கந்தோராக அலைகிறவர் றிம்சான். அவருக்கு இன்னும் இழுப்பு இருக்கிறது. கொழும்பில் மாடிப்படி ஏறும்போது நின்று, வாயால் மூச்சு விட்டு, பிறகு ஏறுவார். மேலே போகாமல் இறங்கியதில்லை. ஷரிபுதீன் தொழுதுவிட்டுக் கை ஏந்தும்போது மகனின் பெயரைச் சத்தமாகச் சொல்லித் துஆக் கேட்கிறார். நன்மை தீமை எழுதும் மலக்குமாராவது பிழையாக எழுதிவிடக் கூடாதாம். ஆதிலா போனில் "வாப்பா" என்றுதான் கூப்பிடுகிறாள். அந்த விளையாட்டை அவள் மறந்துபோனாள். அல்ஹம்துலில்லாஹ்.

றஸ்னா மறக்காதது அந்தக் காலையை.

மருதமுனை பிரதான வீதியில் பஸ் நின்றது. றிம்சானின் கையில் ஆதிலா இருந்தாள், முழங்காலில் மருந்து கட்டியபடி. ஷரிபுதீன் மகனின் பையைத் தானே தூக்கி வைத்துவிட்டு ஓரமாக நின்றார். பர்ஸான் ஏறினார். ஏறியவர் படியில் நின்று யோசித்துவிட்டு, மறுபடியும் இறங்கி றஸ்னாவிடம் வந்தார்.

"என்ன, எதயும் மறந்திட்டீங்களா?"

"இல்ல புள்ள. அங்க போனா என்ட பேரச் சொல்லிக் கூப்பிட ஒருத்தரும் இல்ல. நீ ஒருக்காச் சொல்லன்."

"ஐயோ, மாமா நிக்கிறார். சனம் நிக்கிது."

"நிக்கட்டும்."

பஸ்காரர் ஹோர்ன் அடித்தார். இத்தனை வருசத்தில், கொழும்பில் கண்ணாடிக்கு முன்னால்கூட, அவள் அந்தப் பெயரை வாயால் சொன்னதில்லை. முக்காட்டின் கரையை வாயருகே பிடித்துக்கொண்டாள். கண்ணை நிலத்தில் வைத்துக்கொண்டாள்.

"பர்ஸான்" என்றாள்.

வகுப்பில் வரவு கூப்பிடும்போது பிள்ளைகள் எழும்பி நிற்பார்களே, அப்படி அவர் நிமிர்ந்து நின்றார்.

"ஓம்" என்றார். "நான்தான்."